தோற்றவனிடம் கேட்கப்படும் கேள்வி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



குதிரைப் பந்தயம் என்றதும் நம்மவர்க்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று, ஏப்ரல் மாதத்து நுவரெலியா. மற்றையது, எங்கோ ஒரு நாட்டில் நடக்கும் ஓட்டத்திற்கு இங்கிருந்து காசு கட்டும் 'புக்கி'க் கடை. இரண்டிலும் எல்லோருடைய கண்ணும் முந்தி வரும் குதிரையின் மீதே இருக்கும். பந்தயத் திடலில் ஒரு சிலர் மாத்திரம் பிந்தி வரும் குதிரைகளையும் அதே கவனத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'ஸ்டூவர்ட்' எனப்படும் கண்காணிப்பாளர்கள்தாம் அவர்கள். எந்தக் குதிரை முதலில் வந்தது என்று சொல்வது வேறொருவரின் வேலை. அது எப்படி வந்தது, மற்றவை ஏன் வரவில்லை என்று விசாரிப்பது இவர்களின் வேலை. இவர்களையும் குதிரையேறும் ஜொக்கிகளையும் பற்றி, மூன்று இலக்கியப் படைப்புகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அவுஸ்திரேலிய நாட்டுப்புறத்துக்குப் போவோம். அங்கே ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே பந்தயம் நடக்கும் சிற்றூர்கள் பல உண்டு. நம்மூர்க் கோயில் திருவிழாவைப் போல அன்று ஊரே திடலில் கூடிவிடும். முற்காலத்தில் அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்ப் பிரமுகர்கள். பண்ணைக்காரர், மருத்துவர், சங்கத் தலைவர் என்று இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கே ஓடும் குதிரை ஒன்று சொந்தமாக இருக்கவும் கூடும். தவறு செய்த ஜொக்கி அயல்வீட்டுப் பிள்ளையாக இருப்பான். "தம்பி, நீ குதிரையை வேண்டுமென்றே இழுத்துப் பிடித்தாயா?" என்று அவனிடம் எந்த முகத்தோடு கேட்பது? நாளைக்குச் சந்தையில் அவன் தகப்பனைப் பார்க்க வேண்டுமே! வெளியிலிருந்து வரும், சம்பளம் பெறும் கண்காணிப்பாளர்கள் பிற்காலத்தில் ஏற்பட்டதற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம் எனலாம்.

அந்தப் பழைய காலத்தை நமக்குக் காட்டுபவர் 'பாஞ்சோ' பற்றர்சன் என்ற கவிஞர். 1864இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பிறந்தவர், தொழிலால் வழக்கறிஞர். தாமும் குதிரையேறிப் பழகியவர். 'பாஞ்சோ' என்ற புனைபெயரே அவர் குடும்பத்தில் இருந்த ஒரு குதிரையின் பெயர்தான். 'பார்டன்' என்ற குதிரையைப் பற்றி அவர் ஒரு கதைப்பாடல் எழுதினார். நாட்டுப்புறப் பந்தயம் ஒன்றுக்கு அக்குதிரையைக் கொண்டு வருகிறார்கள். முதல் நாள் இரவு யாரோ அதற்குப் பச்சைப் பார்லியைத் தின்னக் கொடுத்துவிடுகிறார்கள். வயிறு உப்பிய குதிரை முதற் சுற்றில் தோற்கிறது. பின்னர் தேறி, அடுத்த சுற்றுகளில் வென்றுவிடுகிறது. படிப்பவர் மகிழ்ந்து போகிறார். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். சதி செய்தவனை யாரும் விசாரிக்கவில்லை. நீதி வழங்கும் பொறுப்பு முழுவதும் அந்த வாயில்லாச் சீவனின் தலையில்தான் விழுந்தது. அது தேறாமல் போயிருந்தால்?

இன்று அந்த நிலை இல்லை. குதிரையின் இரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்குப் போகின்றன. ஜொக்கியை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள். எடை சரி என்று அறிவிக்கும் வரை பந்தயப் பணம் கைமாறாது. ஓட்டம் படம்பிடிக்கப்படுகிறது. சந்தேகம் வந்தால் ஜொக்கியை அறைக்கு அழைத்து, படத்தைப் போட்டுக் காட்டி, அவன் விளக்கத்தைக் கேட்கிறார்கள். பிறகு வெளியே நிற்கச் சொல்லி, ஆலோசித்து, மீண்டும் அழைத்துத் தீர்ப்பைச் சொல்கிறார்கள்.

அங்குள்ள பந்தய விதிகளில் ஒன்று என் மனதைக் கவர்ந்தது. குதிரை வெல்வதற்கோ, இயன்ற அளவு நல்ல இடத்தைப் பெறுவதற்கோ, நியாயமானதும் அனுமதிக்கப்பட்டதுமான எல்லா முயற்சியையும் ஜொக்கி ஓட்டம் முழுவதும் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். வென்றே தீர வேண்டும் என்று விதி சொல்லவில்லை. முயன்றாயா என்றுதான் கேட்கிறது. அந்தக் கேள்வி தோற்றவனிடம்தான் கேட்கப்படுகிறது.

இதே கேள்வியைச் சிறுகதையாக்கியவர் ஏர்னஸ்ட் ஹெமிங்வே. 1923இல் வெளிவந்த 'என் தகப்பன்' என்ற பொருள் தரும் தலைப்புடைய கதை அது. தகப்பன் ஒரு ஜொக்கி. கதையைச் சொல்பவன் அவருடைய சிறு மகன். பாரிஸ் பந்தயம் ஒன்றில், எல்லோரும் நம்பியிருந்த அழகிய குதிரை மயிரிழையில் தோற்கிறது. அது தோற்கும் என்பது தகப்பனுக்கு முன்பே தெரியும். அதில் ஏறிய ஜொக்கியே இரகசியமாகச் சொல்லியிருந்தான். தகப்பன் எதிர்க் குதிரையில் பணம் கட்டி வெல்கிறார். விசாரணை எதுவும் நடந்ததாகக் கதையில் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற பையன் பார்த்துவிட்டான். பின்னர் சொந்தக் குதிரையில் ஏறி ஓடும் தகப்பன் தடை தாண்டுகையில் விழுந்து இறக்கிறார். அழுதுகொண்டிருக்கும் பையனின் காதில், அவருடைய பழைய மோசடிகளைப் பற்றி இருவர் பேசிச் செல்வது விழுகிறது. கண்காணிப்பாளர் தண்டித்திருந்தால் தகப்பன் சில மாத உழைப்பை இழந்திருப்பார். தண்டிக்காதபடியால் மகனின் மனதில் தம் இடத்தையே இழந்தார்.

மூன்றாவது படைப்பு, டால்ஸ்டாயின் 'அன்னா கரினீனா'. வுரோன்ஸ்கி என்ற இராணுவ அதிகாரி, புரூ-புரூ என்ற பெண்குதிரையில் தடை தாண்டும் பந்தயம் ஓடுகிறான். முன்னணியில் இருக்கும்போது ஒரு தடையைத் தாண்டுகையில், பிழையான கணத்தில் சேணத்தில் பின்னால் சரிந்து உட்காருகிறான். குதிரையின் முதுகெலும்பு முறிகிறது. விழுந்து கிடப்பதை ஆத்திரத்தில் காலால் உதைக்கிறான். பிறகு அதைச் சுட்டுக் கொல்ல வேண்டியதாகிறது. வுரோன்ஸ்கி முயலவில்லை என்று எவரும் குற்றஞ்சாட்ட முடியாது. அவன் மிதமிஞ்சி முயன்றான். தன் பிழையால் விளைந்த, திருத்தவே முடியாத துன்பம் ஒன்றை அவன் அன்று முதன்முறையாக உணர்கிறான்.

ஆகவேதான் அந்த விதியில் 'நியாயமான' என்ற சொல்லும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் இன்று கடைசி நூறு மீற்றருக்கு முன்னர் ஐந்து முறைக்கு மேல் சவுக்கைப் பயன்படுத்தக்கூடாது. முன்னால் போதிய இடைவெளி இல்லாதபோது உள்ளே வெட்டிச் சென்று அடுத்த குதிரையை நெருக்கினால், அது கவனயீனம் என்ற குற்றம். பின்னால் வரும் குதிரை முன்னதன் குதிகாலில் இடறினால், அதன் மேலிருப்பவன் மற்றக் குதிரைகளின் குளம்புகளுக்கடியில் விழுவான். ஓடும் குதிரைகளின் பின்னாலேயே ஓர் அம்புலன்ஸ் வண்டியும் ஓடி வருவது இதனால்தான்.

தண்டனை இலேசானதன்று. நாட்டுப்புற ஜொக்கி பல நூறு கிலோமீற்றர் பயணம் செய்து, ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவன். மூன்று வாரத் தடை என்றால் மூன்று வாரம் அந்தக் கூலி இல்லை. அவன் மனைவி மக்களை நினைத்துக் கண்காணிப்பாளர் மனமிளகுவது இயல்பு. ஆனால் நெருக்கப்பட்டு விழ இருந்தவனுக்கும் மனைவி மக்கள் உண்டல்லவா? அறைக்குள் வந்து கெஞ்சுபவனின் குடும்பம் கண்முன் நிற்கும். மற்றவனின் குடும்பத்தைக் கண்காணிப்பாளர்தாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அதிலேதான் அவருடைய நேர்மை தங்கியிருக்கிறது.

நேயர்களே, அடுத்த முறை நுவரெலியாத் திடலில் நிற்க நேர்ந்தால், வென்ற குதிரைக்குக் கைதட்டிவிட்டுச் சற்றே பின்னாலும் பாருங்கள். கடைசியாக வருபவன் தன் குதிரையை எப்படிக் கொண்டு வருகிறான் என்று பாருங்கள். பற்றர்சனும் ஹெமிங்வேயும் டால்ஸ்டாயும் தோற்ற குதிரைகளைத்தான் அவ்வளவு கூர்ந்து பார்த்தார்கள்.