ஓர் இணைப்பு, இருபது கணினிகள்
(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருபது கணினிகள். இணைய இணைப்பு ஒன்றே ஒன்று. வெகுநாள் அது ஒரு கணினியோடு நின்றது. பாடவேளையில் அதைச் சுற்றி நாற்பது பிள்ளைகள் நிற்பார்கள். மவுஸ் முன்னால் நிற்கும் இரண்டு மூன்று பேர் கையில். பின்னால் நிற்பவர்களுக்குத் திரையே தெரியாது. அப்படிப் பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் மாணவியர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க நெட் சென்டருக்குப் போய், காசும் கொடுத்து, கடவுச்சொல்லையும் முன்பின் தெரியாதவரிடம் சொல்லிவிட்டு வருபவர்களும் அவர்கள்தான். இருபது இருக்கைக்கும் இணையம் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான்.

தேவைப்பட்டது ஒரு பழைய கணினி, அதில் கூடுதலாக ஒரு நெட்வொர்க் கார்டு, ஒரு ஸ்விட்ச். முதல் கார்டில் மோடத்திலிருந்து வரும் கேபிள். இரண்டாவது கார்டிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு கேபிள். மாணவர் கணினிகள் எல்லாம் ஸ்விட்சில். இந்தக் கணினியே சர்வர்.

உள்ளே நடப்பது நம் அலுவலக நடைமுறைதான். எந்த ஆசிரியர் எழுதிய கடிதமானாலும் வெளியே போகும்போது தலைமையாசிரியர் பெயரில், ஒரு ந.க.எண்ணோடு போகிறது. பதில் அந்த எண்ணைப் பார்வையில் காட்டி வருகிறது. எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி உரியவரிடம் சேர்க்கிறார். சர்வரும் மாணவர் கணினியின் முகவரியை எடுத்துவிட்டுத் தன் முகவரியைப் போட்டு அனுப்புகிறது. ந.க.எண்ணுக்குப் பதில் போர்ட் எண். பதிவேட்டுக்குப் பதில் அதன் நினைவகத்தில் ஓர் அட்டவணை. இதற்கு நாட் என்று பெயர். லினக்ஸில் இந்த விதியை மாஸ்கரேட் என்பார்கள், அதாவது மாறுவேடம். பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் ஒருமுறை சொன்னால் போதும், மறக்காது.

பழைய ஐபி முறையில் மொத்த முகவரிகளே ஏறக்குறைய 429 கோடிதான். அதனால் 192.168 என்று தொடங்குபவை போன்ற சில முகவரிகளை உள் உபயோகத்துக்கென ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் பள்ளியிலும் என் பள்ளியிலும் 192.168.10.5 இருக்கலாம், மோதாது.

ரவுட்டர் வாங்கினால் போதாதா என்பீர்கள். இணையம் மட்டும் போதுமென்றால் போதும்; அதனுள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. சர்வரில் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. பாடநூல் பிடிஎஃப்களையும், கிவிக்ஸ் மூலம் விக்கிப்பீடியாவையும் அதில் வைத்துவிட்டால், இணைப்பு அறுந்த நாளிலும் வகுப்பு நடக்கும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அந்த நாள்கள் அதிகம்! வேண்டாத தளங்களை அடைப்பதும் இந்த ஒரே வாசலில் செய்யலாம். முன்பு ஸ்க்விட் போட்டால் ஒருவர் பார்த்த பக்கம் அடுத்தவருக்குச் சேமிப்பிலிருந்து கிடைக்கும். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டே வருவதால் அந்தப் பயன் குறைந்துவிட்டது.

பகிர்ந்தால் வேகம் பெருகாது. 10 எம்பிபிஎஸ் இணைப்பை இருபது பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஆளுக்கு அரை எம்பிபிஎஸ். காணொளியை புரொஜெக்டரில் ஒருமுறை காட்டுங்கள். தேடலும் வாசிப்பும் அவரவர் இருக்கையில் நடக்கட்டும்.

இணைப்பு வரவில்லை என்றால் டெக்னீஷியனுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாணவர் கணினியிலிருந்து முதலில் சர்வரின் உள்முகவரிக்குப் பிங் செய்யுங்கள். பதில் இல்லையென்றால் கேபிள், ஸ்விட்ச், சர்வர் ஆகியவற்றைப் பாருங்கள். பதில் வந்தால் 8.8.8.8. அது வரவில்லையென்றால் மோடத்தையும் வெளிக் கேபிளையும் பாருங்கள். அதுவும் வந்து, தளத்தின் பெயர் மட்டும் திறக்கவில்லையென்றால் டிஎன்எஸ் சிக்கல். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதை என்னைவிட வேகமாகச் செய்கிறார்கள்.

இதோ, மேசையில் ஒரு கணினியைத் திறந்து வைத்திருக்கிறேன். கார்டுகளில் 'வெளி', 'உள்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன். கேபிள் மாறினால் எதுவும் ஓடாது. இருவர் இருவராக வாருங்கள். கணினி ஆசிரியர்கள் கடைசியில் வரட்டும், தமிழாசிரியர்கள் முதலில்.