பெலிட்டியின் சர்க்கரைக் கோபுரம்

கல்கத்தாவின் பெலிட்டி கேக் கடை ஒரு சிற்பியின் கையில் பிறந்தது. இத்தாலியில் டூரின் நகருக்கு அருகே கரிஞானோவில் 1844இல் பிறந்த ஃபெடரிகோ பெலிட்டி முதலில் கற்றது சிற்பம். சோறு போட்டது இனிப்பு. வைசிராய் மேயோ பிரபு தம் சமையற்கூடத்துக்கு ஆள் தேடியபோது தேர்வாகி, 1869இல் கல்கத்தா வந்தார். 1872இல் மேயோ அந்தமானில் கொலையுண்டார். பெலிட்டி ஊர் திரும்பவில்லை. முதலில் கூட்டாளியோடும் பிறகு தனித்தும் கடை நடத்தினார். சிம்லாவிலும் கடை திறந்தார். அது ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் எழுத்திலேயே இடம்பெற்றது.

ஆனாலும் பெலிட்டி என்றதும் முதலில் பேச வேண்டியது 1889ஆம் ஆண்டு வேலையைத்தான். பாரிஸில் ஈபிள் கோபுரம் எழுந்த அதே ஆண்டில், கல்கத்தாவில் 12 அடி உயர ஈபிள் கோபுரத்தைச் சர்க்கரையில் எழுப்பினார். பன்னிரண்டு அடி, இரண்டு ஆள் உயரம்!

சர்க்கரையில் கட்டடம் எழுப்பும் கலைக்கு அடிப்படை கோந்துமாவு. மாவாகப் பொடித்த சர்க்கரையைக் கோந்தும் நீரும் விட்டுப் பிசைந்து, தகடாகத் தேய்த்து, வடிவம் வெட்டிக் காயவைப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் தகடு வளைந்துவிடும். புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். காய்ந்தபின் பீங்கான்போல் இறுகும். முட்டை வெள்ளைக்கரு கலந்த ஐசிங்தான் ஒட்டும் சாந்து. இந்தக் கலைக்கு முதல் எதிரி ஈரக்காற்று. கல்கத்தா மழைக்காலத்தில் அந்த எதிரி எப்படி இருக்கும் என்பது, பருப்புத் தேங்காய்க்குப் பாகு காய்ச்சிக் கூட்டில் அடைக்கும் கைகளுக்குச் சொல்லாமலே புரியும். ஈரக்காற்றை வென்றவரே சர்க்கரையை வென்றவர்.

இன்று கல்யாண மண்டபங்களில் ஐந்தடுக்குக் கேக் நிற்கிறது. பலவற்றில் உள்ளே இருப்பது தெர்மாகோல், மேலே ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரைப் போர்வை. அது உயரம், கலை அன்று.

பெலிட்டிக்குப் பின் கடையை மகன்கள் நடத்தினார்கள். அவர் 1914இல் கரிஞானோவிலேயே காலமானார். சென்னை மவுண்ட் ரோட்டிலும் அதே காலத்தில் அவரைப்போல் ஒருவர் இருந்தார்: ஜாகோமோ டி ஏஞ்சலிஸ். இனிப்பும் விருந்துச் சமையலுமாகத் தொடங்கி, ஓட்டல் கட்டி, 1910இல் சொந்த விமானத்தில் பறந்தும் காட்டியவர்.

சென்னையிலிருந்து சோழவரம் வழியாக வடக்கே போகும் ஜி.என்.டி. (கிராண்ட் நார்தர்ன் டிரங்க்) சாலை முடிகிற ஊர் கல்கத்தாதான். அந்தச் சாலையோர பேக்கரிகளில் தொழில் பழகும் இளைஞர்கள் தெர்மாகோலைத் தொடுமுன் ஒருமுறை கோந்துமாவைப் பிசைந்து பார்க்கட்டும்.