மால்பு அறிந்து ஏறுக!

(சித்தன்னவாசல் குன்றின் அடியில் கூடிய தமிழன்பர்களிடையே ஆற்றிய உரை)



இன்று காலை நாம் எல்லாரும் இக்குன்றின் மேலுள்ள ஏழடிப்பட்டத்தைக் கண்டு வந்தோம். அங்குள்ள பதினேழு கற்படுக்கைகளைப் பார்த்து நீங்கள் வியந்து நின்றீர்கள். அவற்றுள் ஒன்றில் ஈராயிரம் ஆண்டுப் பழமையொடு நிற்கும் தமிழி எழுத்துகளை உற்று நோக்கிச் சிலர் கண்கலங்கியதையும் கண்டேன். நானும் கலங்கினேன். ஆயினும் என் கண் வேறொன்றிலும் நிலைத்தது. பாறையில் கால் வைப்பதற்காக வெட்டப்பட்ட ஏழு குழிகள் அங்கு உள்ளன. அவ்வேழு அடிக்குழிகளே அவ்விடத்திற்குப் பெயர் தந்தன. படுக்கையால் பெயர் வரவில்லை. எழுத்தால் பெயர் வரவில்லை. கால் வழுக்காமல் காத்த குழிகளால் பெயர் வந்தது!

உயரத்தில் வாழ விரும்பியவன், உயரத்திற்குச் செல்லும் வழியில் உயிர் போகாதபடி முதலில் பார்த்துக்கொண்டான். இவ்வொன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். தமிழ்க் கூட்டத்தில் மரமேறுவதைப் பற்றியும் மரத்தினின்று வீழ்வதைப் பற்றியும் என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

நம் முன்னோர் ஏறி வாழ்ந்தவர்கள். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில், மரத்தின்மேல் பரண் கட்டி விலங்கையும் பறவையையும் காத்தனர். அப்பரணுக்கு இதணம் என்று பெயர். கழுது என்றும் பெயர். அதன்மேல் இருந்து காவல் செய்தவனைச் சேணோன் என்றனர். சேண் என்றால் உயரம். சேணோன் உயரத்தில் இருப்பவன். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், புலியும் அஞ்சுமாறு சேணோன் மரத்தின்மேல் அமைத்த இதணத்தில் ஏறித்தான் தலைவி தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் கிளி ஓட்டுகிறாள். பகலில் பெண்கள் ஏறினர். இரவில் பன்றியையும் யானையையும் நோக்கி வேட்டுவர் ஏறினர்.

மலைமுகட்டில் தேன் எடுக்க ஏறியவர் மூங்கிலின் கணுக்களையே படியாக்கி ஏணி செய்தனர். அது கண்ணேணி. அதற்கு மால்பு என்றும் பெயர். குறுந்தொகை 273-ஆம் பாட்டில் ஓர் உவமை வருகிறது. பெருந்தேன் தொங்கும் மலையில், பழைய மால்பின் தன்மையை அறியாமல் அதில் ஏறிவிட்ட ஓர் அறிவிலியைப் புலவர் காட்டுகிறார். தோழி தலைவியைத் தேற்றும் அகப்பாட்டு அது. நம் இலக்கிய ஆசிரியர்கள் காதலை விளக்கி முடித்து விடுவார்கள். நான் அந்த அறிவிலியை நினைக்கிறேன். அவன் செய்த பிழை என்ன? ஏறியது பிழையன்று. ஏணி பழையது, அதைச் சோதித்துப் பாராமல் ஏறியதே பிழை. ஏறுமுன் ஏணியை ஆராய வேண்டும் என்பது, உவமையாகச் சொன்னாலே எல்லார்க்கும் விளங்கும் அளவிற்கு அன்றைத் தமிழனுக்குப் பொதுவறிவாக இருந்தது.

அவ்வறிவு மலைவாழ் மக்களிடம் இன்றும் உள்ளது. ஆனைமலைக் காடர், மரத்தில் மூங்கில் முளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து, அவற்றையே படியாகக் கொண்டு ஏறுவதை எட்கார் தர்சுட்டன் 1909-இல் வெளிவந்த தம் நூலில் பதிந்து வைத்துள்ளார். நீலமலைப் பக்கத்தில் தேனெடுக்கும் குறும்பரிடையே, பாறையிலிருந்து கொடியேணியில் இறங்குபவனின் கயிற்றை மேலிருந்து காப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். தன் அக்கையோ தங்கையோ தாலி இழக்க எந்த மைத்துனனும் உடன்படான் அல்லவா? எத்துணை நுண்ணிய ஏற்பாடு! ஏறுகிறவனின் உயிர் அவன் கையில் மட்டும் இல்லை. கீழே இருப்பவர் கையிலும் உள்ளது என்பதே இதன் பொருள்.

இனி வேட்டைக்கு வருவோம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது, அது சரியே. வட அமெரிக்காவிலோ மான் வேட்டைக்குச் செல்வோர் இன்றும் மரத்தில் சிறு பரணை மாட்டி அதில் அமர்ந்து காத்திருக்கின்றனர். அங்கு வேட்டைக்காரர்க்கு நேரும் பெரும்புண்களுக்கு முகன்மையான கரணியம் துப்பாக்கி என்றுதான் நாம் நினைப்போம். அன்று, மரத்தினின்று வீழ்வது அதற்குக் குறையாத கரணியமாக உள்ளது. வீழ்ந்தவர்களைப் பற்றி ஆராய்ந்து அவர்கள் கண்ட உண்மைகள் நமக்கும் பயன்படும்.

முதல் உண்மை: பரணில் அமர்ந்திருக்கும்போது வீழ்வோரினும், ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணியிலிருந்து பரணுக்குக் காலெடுத்து வைக்கும்போதும் வீழ்வோரே மிகுதி. ஆகவே மேலே போய்ச் சேர்ந்தபின் கட்டிக்கொள்ளும் கயிறு பாதிக் காப்பே. கால் நிலத்தை விட்ட நொடியிலிருந்து மீண்டும் நிலத்தைத் தொடும் நொடி வரை உடல் மரத்தோடு கட்டுண்டிருக்க வேண்டும். இரண்டாம் உண்மை: இடையில் மட்டும் கட்டிய கயிறு, வீழ்ந்தவனின் வயிற்றையும் நெஞ்சையும் நெரிக்கும். தோள், நெஞ்சு, தொடை மூன்றையும் அணைக்கும் முழுவுடல் வார் வேண்டும். மூன்றாம் உண்மை: வேட்டைக்கருவியைக் கையிலேந்தி ஏறலாகாது, மேலே அமர்ந்தபின் கயிற்றால் இழுத்துக்கொள்ள வேண்டும். இரு கையும் இரு காலுமாகிய நான்கில் மூன்று எப்போதும் பற்றியிருக்க வேண்டும்.

தோழர்களே! வேட்டையை விட்ட நம் நாட்டில் இன்று நாள்தோறும் உயரம் ஏறுகிறவன் யார்? பனையேறி. தென்னையேறி. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை என்று பெருமையோடு சொல்கிறோம். அம்மரத்தில் ஏறுகிறவனைப் பற்றி என்ன சொல்கிறோம்?

ஒரு கணக்குப் பாருங்கள். பாளையை நாள்தோறும் சீவாவிட்டால் பதனீர் சுரப்பு நின்றுவிடும்; ஆகவே ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒருவர் முப்பது பனைகளைப் பார்க்கிறார் எனவும், ஒவ்வொன்றும் அறுபதடி எனவும் கொள்வோம். ஒரு நாளில் அவர் ஏறுவது 3,600 அடி. மூன்றே நாளில், 2,637 மீட்டர் உயரமுடைய தொட்டபெட்டாவை மிஞ்சிவிடுகிறார். அறுபதடியிலிருந்து கை நழுவினால் நிலத்தைத் தொட இரண்டு நொடி கூட ஆகாது. தொடும்போது உடலின் விரைவு மணிக்கு ஏறத்தாழ 68 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்திலிருந்து தலைகீழாக எறியப்படுவதற்கு ஒப்பானது அது.

அவரிடம் உள்ள காப்பு யாது? கால்களைப் பிணைக்கும் தளைநார். மரத்தின் அடியில் சாய்த்து மேலேறும் முருக்குத்தடி. நெஞ்சை உராய்விலிருந்து காக்கும் தோல். இவை ஏறுவதற்குத் துணை செய்யும் கருவிகள். வீழ்வதைத் தடுக்கும் கருவிகள் அல்ல. கை நழுவினால் தளைநார் காலை மட்டுமே பிடிக்கும், ஆளைப் பிடிக்காது.

என் இளமையில் எங்கள் ஊரில் ஒரு பனையேறி இருந்தார். எங்களுக்கு நுங்கு வெட்டிப் போடுவார். அவருடைய தளைநார் தேய்ந்திருந்தது. அது அவர்க்கே தெரியும். சந்தை கூடும் நாளில் புதிது வாங்கலாம் என்றிருந்தார். முன்னிரவு பெய்த தூறலில் மரம் நனைந்திருந்தது. விடியற்காலையில் வீழ்ந்தார். உயிர் இருந்தது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஒருவர் அக்குளில் கை கொடுத்தார். ஒருவர் காலைப் பிடித்தார். தூக்கி உட்கார வைத்து நீர் புகட்டினோம். மாட்டுவண்டியில் மடக்கிக் கிடத்தினோம். அதன்பின் அவர் இடுப்புக்குக் கீழ் உணர்வின்றிப் பதினோர் ஆண்டு கிடந்தார். மரம் பாதி முறித்தது. எங்கள் அறியாமை மீதியை முறித்திருக்கக்கூடும். ஊரார் தலையெழுத்து என்றனர். நானும் அன்று அதையே நம்பினேன். இன்று நம்பவில்லை. தேய்ந்த நாரும், நனைந்த மரமும், கீழே ஆளின்மையும், எங்கள் கைகளுமே கரணியம். அவற்றுள் ஒன்று கூட ஊழ் அன்று. எல்லாம் மாற்றக் கூடியவை.

ஆகவே சில செய்திகளை நேராகச் சொல்கிறேன். நெஞ்சில் கொள்ளுங்கள், ஊரில் போய்ச் சொல்லுங்கள்.

தளைநாரையும் கயிற்றையும் நாள்தோறும் விரலால் தடவிப் பார்த்தபின் ஏற வேண்டும். இழை ஒன்று பிரிந்திருந்தாலும் அதை வெட்டி எறிந்துவிட வேண்டும். வைத்திருந்தால் ஒரு நாள் அதிலேயே ஏறுவோம். மழையில் நனைந்த மரத்தைக் காயவிட வேண்டும். கதண்டுக்கூடு உண்டா என்று கீழிருந்தே நோக்க வேண்டும். காய்ந்த மட்டையை நம்பிப் பிடிக்கலாகாது. அரிவாள் உறைக்குள் இருக்க வேண்டும். தனியே ஏறலாகாது, குரல் கேட்கும் தொலைவில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

பனையேறி ஒரே மரத்தில் ஒரு பருவத்தில் நூறு முறைக்கு மேல் ஏறுகிறார். அவ்வாறாயின், பருவத் தொடக்கத்தில் ஒருமுறை மரத்தின் கழுத்தில் வலிய கயிறு ஒன்றைக் கட்டி அடிவரை தொங்கவிட்டால் என்ன? அக்கயிற்றில் ஒரு சிறுகயிற்றைப் பல சுற்றாகச் சுற்றி இறுக்குமுடிச்சு இட்டு, அதை முழுவுடல் வாரோடு இணைக்க வேண்டும். கையால் தள்ளினால் அம்முடிச்சு மேலே நகரும். உடலின் எடை விழுந்தால் கவ்விப் பிடிக்கும். பரண் வேட்டைக்காரர்கள் இம்முறையைத்தான் கையாள்கின்றனர். வெயிலில் கயிறு நைந்துபோகும். ஆகவே அதையும் அடிக்கடி ஆராய வேண்டும்.

தென்னைக்கு ஏறுபொறி வந்துள்ளது. கேரளத்துச் செம்பேரியில் உழவர் ஒருவர் உருவாக்கிய பொறியைப் பலரும் அறிவீர்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மரத் தோழர்கள்' என்னும் பயிற்சியை நடத்தி, பொறியும் காப்பீடும் சேர்த்து வழங்கியது. பொறி நல்லது. ஆயின் பொறியின் கம்பிவளையம் மரத்தின் பருமனுக்கு ஏற்ப இறுக்கப்படுவது. மேலே மரம் சிறுத்தால் வளையமும் தளரும். பொறியில் ஏறினாலும் உடல்வார் வேண்டும்.

அதையும் மீறி ஒருவர் வீழ்ந்துவிட்டால், தூக்காதீர்கள்! உட்கார வைக்காதீர்கள்! நீர் புகட்டாதீர்கள்! கழுத்தும் முதுகும் ஒரே நேராக, அசையாமல் இருக்கட்டும். குருதி பெருகினால் தூய துணியால் அழுத்துங்கள். 108-ஐ அழையுங்கள். ஊர்தி வாராத இடமாயின், பலர் ஒன்றாகச் சேர்ந்து, கட்டையைப் போல் உடலைத் திருப்பி, கதவுப் பலகை ஒன்றில் கிடத்தி எடுத்துச் செல்லுங்கள். வாரில் தொங்கிக்கொண்டிருப்பவரைச் சில நிமையங்களுக்குள் இறக்குங்கள். அசைவின்றித் தொங்கினால் குருதி காலில் தேங்கி உணர்விழந்து உயிர் போகவும் கூடும். இறக்கும் வரை அவர் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கட்டும்.

இனி நம் கடமை. பனைமரத் தொழிலாளர்க்கு நலவாரியம் உள்ளது. பதிவு செய்தவர்க்கே உதவி கிடைக்கும். பதிவு செய்யாமல் இருப்பவர் எழுதத் தெரியாத முதியவர்களும் அலைய நேரமில்லாத இளையவர்களுமே. நம் மன்றத்து இளைஞர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்தால் ஓர் ஊருக்கே விண்ணப்பம் எழுதி முடிக்கலாம். ஒரு விழாவிற்குக் கட்டும் தோரணச் செலவில் சிலர்க்காவது வாரும் கயிறும் வாங்கித் தரலாம். கொடுக்குமுன் அவர்களைக் கேளுங்கள். எந்த வார் ஏறுவதற்கு இடையூறு, எது இல்லை என்பதை அறிந்தவர்கள் அவர்களே, நாம் அல்லர்.

இதில் தமிழ் எங்கே என்று இன்னும் ஒருவர் கேட்டால், அவர்க்குச் சொல்கிறேன். மால்பு என்னும் சொல்லை நாம் நூலில் தேடிக் கண்டோம். ஏனெனில் அதை வாயில் வைத்திருந்தவன் மறைந்துவிட்டான். தளைநார், முருக்குத்தடி என்னும் சொற்கள் இன்றும் உயிரோடு உள்ளன. எங்கே உள்ளன? பனையேறியின் வாயில் உள்ளன. அவர் வீழ்ந்தால் அவர் மகன் அத்தொழிலுக்கு வாரான். சொல்லும் உடன் வீழும். சொல்லைக் காக்க விரும்புவோர் சொல்லுக்குரியவனைக் காக்க வேண்டாவா?

இக்குன்றில் அடிக்குழி வெட்டியவன் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் இன்று காலை நம் காலைத் தாங்கியது அவன் உளி. நாமும் நம் ஊரில் ஒருவர்க்கேனும் ஓர் அடிக்குழி வெட்டுவோம்.