கவிஞர்கள் பாடிய மரணம்

யாக்கை நிலையாமையைத் திருமந்திரத்தின் முதல் தந்திரத்திலேயே வைத்தார் திருமூலர். அனைத்தையும் துறந்த பட்டினத்தடிகளோ தாயின் சிதைமுன் கலங்கிப் பாடினார். பச்சை வாழைமட்டையும் அப்பாட்டால் பற்றியெரிந்தது என்பது வழிவழி வந்த செய்தி. துறவு வேறு, கல்மனம் வேறு.

பேராக் இரப்பர் தோட்டங்களில் ஏடறியாத தாய்மார், மாண்டவரின் உழைப்பையும் தம் ஆதரவற்ற நிலையையும் ஒப்பாரியாகப் பாடினர். அவர்களும் கவிஞர்களே. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டத் தமிழரைத் திரளாகக் கொண்டு சென்றனர். பல்லாயிரவர் திரும்பவில்லை. கொள்ளிவைக்க மகன் அருகிலில்லை. மாண்ட நாளும் வீட்டாருக்குத் தெரியவில்லை. திதி குறிக்க இயலாத அவ்வுயிர்களுக்கு ஒப்பாரியே ஈமக்கடனாயிற்று.

ஈப்போவைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கு ஒலித்த ஒப்பாரிகளுள் ஏட்டில் ஏறாதவை எத்தனையோ!