களத்து நெல்லும் ஆலைத் தவிடும்

(இலுப்பூரில் விவசாயத் தொழிலாளரும் மில் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



நமது சீமையில் கூட்டம் போட்டால் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் யாரும் இறங்குவதில்லை. கண்மாயையும் மழையையும் நம்பிப் பிழைக்கிற ஜனங்கள், வேறு எதைப் பேசுவோம்? இன்று நாம் பேசப் போவதும் தண்ணீர்தான். நெல்மணிக்குள் இருக்கிற தண்ணீர்.

முன்பு கையால் அறுத்தோம். அரி அரியாகப் போட்டு வயலிலே காயவிட்டு, கட்டுக் கட்டிக் களத்துக்குச் சுமந்து, அடித்துத் தூற்றினோம். வீடு வந்து சேர்வதற்குள் நெல்லின் ஈரத்தில் பெரும்பங்கு வெயிலிலே போய்விடும். இன்று அறுவடை இயந்திரம் வருகிறது. நமது கூலி நாட்கள் போயின. நெல் காய்வதற்கு இருந்த நாட்களும் கூடவே போயின. இயந்திரம் கொட்டும் நெல்லில் நூற்றுக்கு 20, 22 என்று ஈரம் நிற்கிறது. ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் அறுப்பு. காயவைக்கக் களம் எங்கே? தார் ரோட்டில் பரப்பி, போகிற வருகிற லாரிக்காரர்களிடம் வசவு வாங்குகிறோம்.

கொள்முதல் நிலையத்தின் விதியோ 17 சதவிகிதம். 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிய மழையில் டெல்டா மூழ்கியபோதும், மறுபடி 2025 அக்டோபரிலும், 22 வரை தளர்த்தும்படி மாநில சர்க்கார் டில்லியிடம் கேட்க வேண்டி வந்தது. ஊருக்கு ஊர் களமும் உலர்த்தும் இயந்திரமும் இருந்தால் இப்படிக் கேட்டு நிற்க வேண்டிய அவசியம் எவ்வளவோ குறையும்.

இந்த ஈரத்தைக் காட்டித்தான் வியாபாரி விலையை அடிக்கிறான். ஆகவே கணக்கைப் பாருங்கள். 100 கிலோ நெல்லில் 22 கிலோ தண்ணீர் என்றால் உலர்ந்த சரக்கு 78 கிலோ. அதை 17 சதவிகிதத்துக்குக் காயவைத்தால் எடை 94 கிலோ. குறைவது 6 கிலோ. 2025-26 பருவத்தில் சாதாரண நெல்லுக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில சர்க்காரின் ஊக்கத்தொகை 131 சேர்ந்து 2,500. அந்த விலைக்கு 6 கிலோ என்பது 150 ரூபாய். தண்ணீருக்காக 150 கழிக்கட்டும், காயவைக்கும் செலவுக்கு இன்னும் கொஞ்சம் கழிக்கட்டும். அதற்கு மேல் கழிப்பது ஈரத்துக்காக அல்ல. கடன்காரன் நம் வாசலில் நிற்பது அவனுக்குத் தெரியும், அதற்காக.

ஒரு வருஷம் ஒரு கொள்முதல் நிலையத்தில், ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு குத்தகை விவசாயியின் குடும்பத்தோடு நாங்களும் நெல் அம்பாரத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தோம். முதலில் சாக்கு இல்லை என்றார்கள். சாக்கு வந்தது, லாரி இல்லை என்றார்கள். மூட்டைக் கணக்கில் கூலி வாங்கும் சுமைத் தோழர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் இரவு பிடித்த மழை விடவில்லை. நாலைந்து நாள் கழித்துத் தார்ப்பாயைத் தூக்கினால் ஓரத்து நெல் முளை விட்டிருந்தது. அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. முளைத்ததை மட்டும் முறத்தில் அள்ளித் தனியே வைத்தார், கோழிக்கு ஆகும் என்று.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அமானி என்ற முறை இருந்தது. விளைச்சலில் அரசுக்குப் பங்கு. அதிகாரி வந்து அளந்து பிரிக்கும் வரை குடியானவன் தன் நெல்லைத் தொடக்கூடாது. 1878-ல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி காலத்தில் அது ஒழிந்து பணத் தீர்வை வந்தது. சமஸ்தானமே 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்துவிட்டது. காத்திருக்கும் வேலை மட்டும் நம் தலையை விட்டு இறங்கவில்லை. கொள்முதல் நிலையத்தை அமானி என்று நாங்கள் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் வியாபாரி வைத்ததே விலை. அது இருக்க வேண்டும். நெல் வருவதற்கு முன்பே சாக்கோடும் லாரியோடும் கூரையோடும் இருக்க வேண்டும்.

மில் தோழர்கள் இது குடியானவன் சங்கதி என்று பீடி பற்றவைக்கப் போக வேண்டாம். 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லாமல் வாங்குகிற அரிசி இந்த அம்பாரத்திலிருந்துதான் புறப்படுகிறது. நனைந்த நெல் பழுத்த அரிசியாக உங்கள் பையில் விழுகிறது.

ஆலைக்குப் போவோம். 100 கிலோ நெல்லை அரைத்தால் அரிசி ஏறக்குறைய 67, 68 கிலோ. உமி 20 கிலோவுக்குக் குறையாது. தவிடு 5 முதல் 8 கிலோ. உமி கொதிகலனுக்கு நெருப்பாகிறது. தவிட்டிலே நூற்றுக்கு 15, 20 பங்கு எண்ணெய். அதைப் பிழிந்து பாக்கெட்டில் அடைத்து நம்மிடமே விற்கிறார்கள். எண்ணெய் போன தவிடும் தீவனமாக விலைக்கு வருகிறது. விளைவித்தவன் தன் மாட்டுக்குத் தவிடு வாங்கக் கடைக்குப் போகிறான்!

நாமே அரைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கூட்டுறவு ஆலை வேண்டும் என்பதே நமது நிலை. ஆனால் பச்சரிசித் தவிடு சில நாட்களிலேயே காறிப்போகும். உடனே சூடாக்கி வைக்க வேண்டும், அல்லது எண்ணெய் ஆலைக்கு அனுப்ப வேண்டும். புழுங்கல் தவிடு கொஞ்சம் தாங்கும். இதெல்லாம் தெரிந்த ஆளும், நெல் வாங்கி வைக்க முதலும் இல்லாமல் ஆலைக் கட்டிடத்தை மட்டும் கட்டினால் வௌவால்தான் குடியேறும்.

நெல்லை வைத்திருந்து விற்கவும் ஈரம் 14-க்குக் கீழே இறங்க வேண்டும். நமது பாட்டிமார் நெல்லைக் கடித்து, படக்கென்று முறிந்தால்தான் குதிரில் கொட்டுவார்கள். இன்று குதிர் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் சரக்கை வைத்து அதன் பேரில் கடன் வாங்க வழி உண்டு. அதைக் கேட்டுப் பெறுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அடுத்த அறுப்புக்கு முன்னால் பஞ்சாயத்துக்கொரு சிமெண்டுக் களம், வட்டாரத்துக்கொரு உலர்த்தும் இயந்திரம், கொள்முதல் நிலையத்துக்குக் கூரை, சுமைத் தோழர்களுக்குக் காத்திருக்கும் நாளுக்கும் கூலி. மனு எழுதியாகிவிட்டது. நோட்டு இங்கே மேஜைமேல் இருக்கிறது. பெண்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள்.