லொறியின் நிலைச்செலவும் ஓட்டச்செலவும்

சுன்னாகம் சந்தையிலே சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு மாலையிற் புறப்படும் லொறி, வவுனியாவையும் தம்புள்ளையையும் கடந்து, விடியுமுன் கொழும்பைச் சேர்கின்றது. போவதற்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், வருவதற்கும் அவ்வளவே. ஓட்டுபவரே அந்த லொறியின் சொந்தக்காரருமாயின், கையில் வாங்கிய கூலியிலிருந்து டீசற் செலவைக் கழித்துவிட்டு, மிஞ்சியதெல்லாம் இலாபமென எண்ணிவிடுவது இயல்பு. இலாபமென்று எண்ணி முதலையே தின்றுவிட்ட பின், லீசிங் தவணை தவறி, லொறி கைவிட்டுப் போகும் நிலையும் வந்துவிடுகின்றது. ஆதலின், நேயர்களே, இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

லொறிக்குச் செலவு இருவகை. லொறி ஓடினாலும் முற்றத்தில் நின்றாலும் மாதந்தோறும் வந்து நிற்பது நிலைச்செலவு. சில்லு உருண்டால் மாத்திரம் எழுவது ஓட்டச்செலவு. கணக்கு விளங்கும்பொருட்டுச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். அவரவர் தத்தம் தொகையை இட்டுக்கொள்ளலாம். லீசிங் தவணை 120,000 ரூபாய். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றின் ஆண்டுச் செலவைப் பன்னிரண்டாற் பிரித்தால் 12,000. தரிப்பிடமும் பிறவும் 8,000. சாரதி சம்பளம் 60,000. ஆக, மாதம் 200,000 ரூபாய்.

“நானே ஓட்டுகின்றேன், எனக்கேன் சம்பளம்?” என்று சிலர் வினவுவர். காய்ச்சலிற் பத்து நாள் படுத்துவிட்டால், வேறொருவரைக் காசு கொடுத்தே அழைக்கவேண்டும் அன்றோ? வீட்டு அடுப்பு எரிவதும் அந்தப் பணத்திலேதான். அதனைக் கணக்கிற் சேராதவர் தம் உழைப்பை வியாபாரிக்கு இனாமாகக் கொடுத்தவராவர்.

இனி ஓட்டச்செலவு. லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு, 800 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 133 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபாயெனின் 40,000. ஆறு டயர்களும் 270,000 ரூபாய், அவை 45,000 கிலோமீற்றர் உழைக்குமெனின், கிலோமீற்றருக்கு 6 ரூபாய் தேய்கின்றது. ஒயில் மாற்ற 4, திருத்த வேலைக்கு 5. இவை மூன்றும் ஒரு பயணத்துக்கு 12,000. உதவியாளின் பயணக்கூலியும் வழிச்சாப்பாடும் 8,000. போய்வர 60,000 ரூபாய் ஆயிற்று.

பயணமொன்றுக்குக் கூலி 90,000 ரூபாயெனின், ஓட்டச்செலவு போக மிஞ்சுவது 30,000. இது இன்னும் இலாபமன்று. 200,000 ரூபாய் நிலைச்செலவை அடைக்க வந்த பணம். ஆறு பயணம் ஓடினால் 180,000, இருபதினாயிரம் நட்டம். ஏழாவது பயணத்திலேதான் தலை நிமிர்கின்றது. எட்டாவது முடிந்தால் மாத இலாபம் 40,000. மழையினாலோ பழுதினாலோ இரண்டு பயணம் தவறினால் நேருவது இதுதான்.

இனி, திரும்பும் வழிச் சுமை. கொழும்பிலே ஒருவர், “யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்து ஏற்றுங்கள், 20,000 தருகின்றேன்” என்கிறார். பாதி வழிச் செலவுக்கும் இது காணாதே என்று மறுப்பவர் உண்டு. ஆனால் லொறி எப்படியும் வெறுமையாகத் திரும்பவேண்டியதே. சுமையினால் மேலதிகமாவது ஏற்றுகூலியும் சிறிது டீசலும் மட்டும். அது 7,000 எனின், 13,000 ரூபாய் மிச்சம். ஏற்றுவதே அறிவு. அதே சுமைக்காக இரண்டு நாள் காத்திருந்து, அடுத்த வெங்காயப் பயணம் தவறினாலோ, 13,000 ரூபாய்க்காக 30,000 ரூபாயை இழந்தவராவோம். மற்றொன்று: போகும் வழிக் கூலியையும் இவ்வாறே குறைத்துக் கேட்கத் தொடங்கினால், நிலைச்செலவை அடைக்க எந்தப் பயணமும் எஞ்சாது. போட்டிக்காகக் கூலியைக் குறைப்போர் பலர் இங்கேதான் சறுக்குகின்றனர்.

2022 ஆம் ஆண்டு இவ்விரு செலவுகளும் ஒருங்கே நம்மைத் தாக்கின. ஆண்டுத் தொடக்கத்தில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் டீசல், ஜூன் இறுதியில் 460 ரூபாயாயிற்று. நாம் கண்ட 133 லீற்றருக்கு ஏறத்தாழ 16,000 ரூபாய் கொடுத்த இடத்தில் 61,000 ரூபாய் வேண்டியதாயிற்று. ஓட்டச்செலவு ஏறியது யாவருக்கும் தெரிந்தது. எரிபொருள் நிலைய வரிசையில் நாட்கணக்காக லொறி நின்றபோது நிலைச்செலவு நிற்கவில்லை என்பதைப் பலர் எழுதிவைக்கவில்லை. எட்டுப் பயணம் ஓடிய லொறி நாலு ஓடினால், பயணமொன்றின் தலையில் விழும் நிலைச்செலவு 25,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாயாகின்றது. கூலியை உயர்த்தக் கேட்டவர்கள் டீசல் விலையை மாத்திரம் காட்டினர். அதனாற் பாதியே கிடைத்தது.

லொறியின் தேய்மானத்தையும் இடையிலே மறந்துவிட்டோம். 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், பழைய லொறியும் வாங்கிய விலைக்கு மேலே விற்றது. 2025 ஆம் ஆண்டிலே இறக்குமதி மீண்டும் தொடங்கியபின் அந்தக் கணக்கை நம்பியிருத்தல் ஆகாது.

கணக்கெழுதத் தடித்த பேரேடு வேண்டியதில்லை. ஒரு கொப்பியின் இடப்பக்கத்தில் மாதச் செலவையும், வலப்பக்கத்தில் பயணச் செலவையும், புறப்படும்போதும் திரும்பும்போதும் மீற்றர் காட்டும் எண்ணையும் எழுதினாற் போதும். டயருக்குரிய கிலோமீற்றருக்கு ஆறு ரூபாயை, பயணம் முடிந்த அன்றே 4,800 ரூபாயாக எடுத்து வேறாக வைத்துவிடுங்கள். மறுநாள் அது வீட்டுச் செலவோடு கலந்துவிடும்.