நோயறையில் ஒரு வனம்

ஔடத தானம் புரிவோர் மருந்தும் படுக்கையும் அளிக்கின்றனர். அப்படுக்கையிலிருந்து நோயாளி எதைக் காண்பார் என்று எண்ணுவோர் சிலரே.

அமெரிக்காவில் பித்தப்பை அறுவை செய்துகொண்டோரைப் பற்றி ரோஜர் உல்ரிச் 1984-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரையே கண்ட 23 பேரினும் விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சாளரம் இல்லாத அறையில் ஓவியம் அவ்விடத்தை ஓரளவு நிரப்பும். ஆயினும் எவ்வனமும் மருந்தாகிவிடாது. பின்னர்ச் சுவீடனில் இதய அறுவை செய்துகொண்டோர்முன் அவர் குழுவினர் படங்களை வைத்தபோது, நீரும் மரமும் கொண்ட திறந்த காட்சி அச்சத்தைத் தணித்தது. நிழலடர்ந்த காடு அவ்வாறு தணிக்கவில்லை.

ஆகவே, தீட்டும் வனத்தில் ஒளி புகவேண்டும்; நீர் அகன்று கிடத்தல் வேண்டும். பாயும் புலி எத்துணை அழகாக வாய்ப்பினும் வேண்டா. ஓவியர் முதலில் அக்கட்டிலில் படுத்துப் பார்த்தல் நன்று. நிற்பவர்க்குச் சுவர் தெரியும். கிடப்பவர்க்கோ விதானமே உலகம். சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் தாமரைப் பொய்கை விதானத்தில்தான் மலர்ந்திருக்கிறது. யானையும் எருமையும் அன்னமும் மீனும் ஒரே நீரில் உலவ, மூவர் மலர் கொய்கின்றனர். சமவசரணத்துக் காதிகா பூமி அது என்பர். எழுந்து அமர இயலாதார்க்கு அத்துணையும் வேண்டியதில்லை. தலைக்கு மேல் ஒரு கிளையும் ஒரு பறவையும் போதும்.

நன்கொடையாளர் பெயர்களை வாயிலருகே பொறித்துக்கொள்ளலாம்.